மேல்தளச் சீட்டு

அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வருவது இன்று பக்கத்து வீட்டுச் செய்தியாகிவிட்டது. பிள்ளைகள் சியாட்டிலிலோ கலிபோர்னியாவிலோ இருக்கிறார்கள். தேனியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பெற்றோர் போகிறார்கள், ஒரு வாரம் பனிமலைகளுக்கு நடுவே மிதந்துவிட்டுத் திரும்புகிறார்கள். புறப்படுவதற்கு முன் அந்த வீடுகளில் ஒரு விவாதம் தவறாமல் நடக்கிறது. கப்பலில் பால்கனி வைத்த அறையை எடுப்பதா, வெறும் சன்னல் போதுமா? குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் கிடக்கப் போகிறோம், பால்கனிக்குக் கொட்டிக் கொடுப்பானேன் என்கிறது ஒரு கட்சி. அவ்வளவு தூரம் போய்விட்டு, பனிப்பாறை உடைந்து கடலில் விழுவதைப் பார்க்காமல் வருவதற்கா பயணம் என்கிறது மறு கட்சி.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. காட்சி என்பது இடத்தோடு சேர்த்து விற்கப்படும் பண்டம். கூடுதல் பணம் கொடுத்தவனுக்குக் கூடுதல் காட்சி. இதை இருவருமே கேள்வி கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம். எங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது அலாஸ்கா அல்ல. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தேக்கடி.

தேக்கடி ஏரியில் படகேறப் போகிறவர்களிடமும் இதே கேள்விதான் சிறிய அளவில் உலவுகிறது: மேல்தளமா, கீழ்த்தளமா? ஒரு காலத்தில் இரண்டுக்கும் இரண்டு கட்டணம் இருந்தது, மேல்தளத்துக்கு அதிகம். 'எப்படியாவது மேல்தளத்தில் இடம் பிடித்துவிடுங்கள்' என்று முடியாத தேக்கடிக் கட்டுரையை நம் பத்திரிகைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றுலா இதழ்களை விடுங்கள், அவற்றின் தொழில் அது. இலக்கியம் படிப்பவர்கள், எழுதுபவர்கள், ஒரு நாவலில் வரும் மழையைப் பற்றி மூன்று பக்கம் பேசக்கூடியவர்கள், அவர்களுமல்லவா பயணக் குறிப்பு என்று வந்தவுடன் இருக்கை எண்ணுக்கு இறங்கிவிடுகிறார்கள்! எத்தனை யானை பார்த்தோம், எந்தப் பக்கம் பார்த்தோம், கொடுத்த காசுக்குத் தேறியதா. இந்தக் கணக்கை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் குளிரைப் பற்றி. மார்கழி, தை மாதங்களில் காலை ஏழரை மணிப் படகுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஏரியின் மேல் பனிமூட்டம் படுத்திருக்கும். அணை கட்டி நீர் தேங்கியபோது மூழ்கிய மரங்களின் பட்டுப்போன தண்டுகள் நூறாண்டுகளைத் தாண்டியும் கரிய விரல்களைப்போல் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மேல்தளத்தில் காற்று காதை அறுக்கும். கட்டுரை படித்து முண்டியடித்து மேலே ஏறியவர்களில் பாதிப் பேர், படகு புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் மஃப்ளருக்குள் ஒடுங்கி, 'ஒன்றும் தெரியவில்லையே' என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தெரியாதுதான். மழை முடிந்து வரும் குளிர்காலத்தில் காட்டுக்குள் ஓடை தோறும் நீர் இருக்கிறது, புல் இருக்கிறது. யானை ஏரிக்கரைக்கு இறங்கிவர வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. காடு காய்ந்து ஓடைகள் வற்றும் மாசி, பங்குனி, சித்திரையில்தான் அது கரைக்கு வரும். அதாவது குளிர்காலத்தில் மேல்தளச் சீட்டு வாங்கியவர் வாங்கியது யானையை அல்ல, பனியை. பனியைப் பார்க்கப் பத்தடி உயரம் எதற்கு? நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் பனி கண்ணுக்கு நேராக நகர்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் வெண்மை.

இதுவரை சொன்னது ரசனைப் பிரச்சினை. ரசனைக்காகச் சண்டை போடுவது எங்களுக்குப் புதிதல்ல என்றாலும், அதற்கு மட்டுமாக இவ்வளவு கோபம் தேவையில்லை. கோபத்துக்குக் காரணம் 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி.

அன்று மாலை கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். புயல் இல்லை, வெள்ளம் இல்லை, பாறையில் மோதவில்லை. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த புதிய படகு அது. கரையில் விலங்குகள் தெரிந்தன, பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஒரு பக்கமாகக் கூடினார்கள், படகு சாய்ந்தது. உயிர் தப்பியவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். அதன் பிறகு நீதி விசாரணை ஆணையம் அமைந்தது, வழக்கு நடந்தது, லைஃப் ஜாக்கெட் கட்டாயமாயிற்று, எழுந்து நிற்கக் கூடாது என்று விதி வந்தது. எல்லாம் சரி. ஆனால் நம் கட்டுரைகள் மாறவில்லை. விபத்தைப் பற்றி ஒரு வரி வருத்தம், அடுத்த வரியில் 'மேல்தளத்தில் இடம் பிடியுங்கள்'. இரண்டு வரிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது எழுதியவருக்கு உறைக்கவே இல்லை.

தொடர்பை விளக்குகிறோம். அறிவியல் கட்டுரையாகிவிடுகிறதே என்று வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிதக்கும் எந்தப் பொருளும் சாயும்போது அதைத் திரும்ப நிமிர்த்துவது நீரின் உந்துதல்தான். சாய்ந்த பக்கத்தில் அதிக உடல் நீருக்குள் போகிறது, அங்கே உந்துதல் கூடுகிறது, படகு நிமிர்கிறது. இந்த நிமிர்த்தும் வலிமை, எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு அதிகம். எடையை மேலே ஏற்ற ஏற்ற அது குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சாய்ந்தது சாய்ந்ததுதான் என்றாகிவிடும். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவளுக்கும் தலையில் வைத்து நடப்பவளுக்கும் உள்ள வேறுபாடு இது.

கண்ணாடியிழையில் செய்த சுற்றுலாப் படகு கனமற்றது. அதில் ஏறும் மனிதர்களின் எடையே மொத்த எடையில் பெரும்பங்கு. ஆளுக்கு அறுபது கிலோ என்று குறைத்து வைத்தாலும் நாற்பது பேர் 2,400 கிலோ. இந்த எடை உயரத்தில் இருக்கிறது, அதுவும் கால் முளைத்த எடை. ஒரு காட்டெருமை தலையைக் காட்டினால் போதும், ஒரே நொடியில் அத்தனையும் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போய்விடும். சரக்குப் படகில் மூட்டைகள் இப்படித் தாமாக எழுந்து ஓடுவதில்லை.

ஆகவே மேல்தளம் என்பது கூடுதல் வசதி மட்டுமல்ல. படகின் நிதானத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அதைக் 'காட்சி' என்று பெயர் மாற்றி விற்பது. விற்றவர் வாங்கியவருக்குச் சொல்லாமல் விட்டது, கீழ்த்தளத்தில் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்திருப்பவரின் நிதானமும் அதில் சேர்த்து விற்கப்பட்டது என்பதைத்தான். கவிழும் படகில் கீழே அடைபட்டவருக்குத் தப்பும் வழி குறைவு. மேலே ஏறியவர் தன் காசுக்கு ஆபத்தை வாங்கினார் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். கீழே இருந்தவர் எதை வாங்கினார்?

இது தேக்கடியோடு முடிந்த கதையும் அல்ல. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் ஓர் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்து, மேலே ஒரு தளம் ஏற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் இடைவெளியில் அதே மாநிலம், அதே மேல்தளம். கேரளத்தைக் குறை சொல்லும் சாக்காக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1915 ஜூலை 24 அன்று சிகாகோ நதியில் 'ஈஸ்ட்லேண்ட்' என்ற உல்லாசக் கப்பல் துறையில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே உருண்டு கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். முன்பே தலைகனம் பிடித்த கப்பல் என்று பெயரெடுத்தது. டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு வந்த சட்டத்தால் மேலே கூடுதல் உயிர்காப்புப் படகுகளையும் ஏற்றினார்கள். காப்பாற்ற ஏற்றிய எடையே கவிழ்ப்பதில் பங்குகொண்டது.

'அப்படியானால் அலாஸ்காக் கப்பலும் கவிழுமா?' என்று பெற்றோரை வழியனுப்பக் காத்திருக்கும் பிள்ளைகள் பதற வேண்டாம். பெருங்கப்பலின் கணக்கு வேறு. எஞ்சின், எரிபொருள், நீர் எல்லாம் அடியில். மேல்மாடங்கள் முடிந்தவரை எடை குறைவாகக் கட்டப்படுகின்றன. மூவாயிரம் பயணிகளைச் சேர்த்து நிறுத்தாலும் இருநூறு டன் சொச்சம். கப்பலோ பல பத்தாயிரம் டன். எல்லோரும் ஒரே பக்கம் ஓடினாலும் அது அசைந்து கொடுக்காது. அங்கே பால்கனி உயிருக்கு உலை வைப்பதில்லை, பணப்பைக்குத்தான். ஆகவே அதைப் பணத்தின் கேள்வியாகவே பார்க்கலாம், எங்கள் பதிலும் தெளிவானது: குளிர்க்கடலில் பெரும்பாலோருக்குப் பால்கனி தண்டம்.

காரணம் குளிர் என்று சொல்பவர்கள் தவறான காரணத்தால் சரியான முடிவுக்கு வருகிறார்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. உண்மையான காரணம், பால்கனி ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது என்பது. அலாஸ்காவின் உள்கடல் வழியில் இரண்டு பக்கமும் மலை. திமிங்கலம் எந்தப் பக்கம் மூச்சு விடும் என்பது அறை ஒதுக்கியவருக்குத் தெரியாது. கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவில் கப்பல் பனிப்பாறைக்கு முன்னால் நின்று, இரு பக்கத்தாரும் பார்க்கும்படி மெல்லத் திரும்பிக் காட்டும். பூங்காவின் வனக்காவலர்கள் கப்பலேறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். அந்த நேரத்தில் இருக்க வேண்டிய இடம் எல்லோருக்கும் பொதுவான திறந்த மேல்தளம். சன்னலே இல்லாத அறை எடுத்தவரும் அதே டிக்கெட்டில் அங்கே வந்து நிற்கலாம். பெரிய கப்பலில் மேல்தளம் இன்னும் பொதுச்சொத்தாக இருக்கிறது. தேக்கடிப் படகிலோ அதையும் துண்டு போட்டு விற்றார்கள்.

நார்வேயில் பேர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை ஓடும் ஹுர்டிக்ரூட்டன் கப்பல் வழி 1893இல் தொடங்கியது. தபாலும் சரக்கும் உள்ளூர் ஆட்களும் ஏறி இறங்கும் கரையோரக் கப்பலாக வளர்ந்தது அது. பழைய கப்பல்களில் பால்கனி அறை விரல்விட்டு எண்ணக்கூடியது. நடுக்குளிர்காலத்தில் வட ஒளி வானில் தோன்றினால் அறிவிப்பு வரும். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு தளத்துக்கு ஓடுவார்கள். எதிர்ப்பக்கத்து வானில் ஒளி விரிந்தால், பால்கனி வைத்திருப்பவரும் அதே தளத்துக்குத்தான் ஓடியாக வேண்டும். ஒஸ்லோவிலும் பேர்கனிலும் வாழும் ஈழத்தமிழரைக் கேட்டுப் பாருங்கள், குளிர்நாட்டில் காட்சி பார்ப்பதற்கு முதல் தேவை நல்ல காலணி என்பார்கள்.

எதிர்த்தரப்பின் ஒரே ஒரு வாதத்துக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். முழங்கால் தேய்ந்த அம்மா, நெரிசலில் நிற்க முடியாத அப்பா, இவர்களை அழைத்துப் போகிறவர்கள் பால்கனி எடுக்கட்டும். படுக்கையிலிருந்து நாலடி நடந்து நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்ப்பது அவர்களுக்கு ஆடம்பரமே அல்ல. எங்கள் சண்டை அவர்களோடு இல்லை. 'நாங்கள் பால்கனி எடுத்தோமாக்கும்' என்று ஊர் திரும்பிச் சொல்வதற்காக எடுப்பவர்களோடுதான்.

இனித் தேக்கடிக்கே திரும்புவோம், ஏனெனில் அந்த ஏரியில் மேல்தளத்திலிருந்தும் தெரியாதது ஒன்று இருக்கிறது. அது ஏரியே அல்ல. 1886ஆம் ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தலைமதகு இருக்கிறது. அதன் வழியே சுரங்கத்தில் புகும் நீர்தான் மலையின் இந்தப் பக்கம் வெளிவந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகி, முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. ஜூன் முதல் நாள் மதகு திறக்குமா என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் அணையின் அடிக்கணக்கை வைத்துத்தான் பேசுவார்கள். 104 அடிக்குக் கீழே போனால் நீர் இந்தப் பக்கம் வராது. 2014 மே மாதத்துத் தீர்ப்புக்குப் பிறகு 142 அடி வரை தேக்கலாம். மேல்தளப் பயணிக்கு இந்த எண்கள் எதுவும் தேவைப்படுவதில்லை. கரையில் செம்மண் பட்டை அகலமாகத் தெரிந்தால் அவருக்குப் புகைப்படம் கெட்டுவிட்டது; எங்களுக்கு முதல் போகம் கெட்டுவிட்டது.

இதே நீரில் அணைக்குப் போய்வர வேண்டிய தமிழகப் பொதுப்பணித்துறைக்காக வாங்கிய 'தமிழ் அன்னை' படகு, ஓட்ட அனுமதி கிடைக்காமல் பல ஆண்டுகள் கரையோரம் கட்டிக் கிடந்தது. மதகைப் பார்க்கப் போகும் பொறியாளருக்குப் படகு கிடைப்பது அரிது, மானைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை. இரு மாநில அரசியலைப் பேச இது இடமல்ல, விட்டுவிடுகிறோம்.

உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு எங்களிடம் ஓர் உப்பரிகை இருக்கிறது. கூடலூருக்கு மேலே, எல்லைக் கோட்டு மலையில், மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறப்பார்கள். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்யும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், பளியங்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தும் ஏறலாம். நடந்து ஏறியவர் உச்சிக்கு வந்ததும் ஒரு பக்கம் பெரியாற்றுக் காடு, மறு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும், தென்னையும் வயலும் திராட்சைப் பந்தலுமாக. அங்கே மேல்தளம் கீழ்த்தளம் கிடையாது. ஆடு மேய்ப்பவரும் வங்கி மேலாளரும் ஒரே பாறையில்தான் உட்கார்ந்தாக வேண்டும், காற்று இருவர் துண்டையும் ஒரே மாதிரிதான் பறிக்கும்.

நீரில்தான் போக வேண்டும் என்பவர்களுக்குப் பெரியாறு புலிகள் காப்பகத்தின் மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது. பத்துப் பேர் அளவிலான சிறு கூட்டம், கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு காவலரும். காட்டில் நடந்து, தெப்பத்தில் ஏறித் துடுப்புப் போட்டு, மீண்டும் நடந்து திரும்ப வேண்டும். ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்துப் பிழைத்தவர்கள் 1990களில் மனம் மாறி வனத்துறையோடு சேர்ந்து காவலுக்கும் வழிகாட்டவும் வந்தார்கள் என்பது அந்தக் காட்டின் பெருமைக்குரிய கதை. தெப்பத்தில் உட்கார்ந்தால் இடுப்புக்கு ஓரடி கீழே நீர். எஞ்சின் சத்தம் இல்லை. கட்டணம் படகைவிடப் பல மடங்கு என்பதை மறைக்க மாட்டோம், எல்லோராலும் முடியாது. அதனால்தான் படகைச் சரிசெய்யச் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. அந்த ஏரியில் ஒற்றைத் தளமுள்ள, அகலமான, தாழ்ந்த படகுகள் போதும். இரண்டாவது தளத்தைக் கழற்றினால் ஒரு நடைக்கு ஏறுபவர் எண்ணிக்கை குறையும், வருமானம் குறையும், சீட்டு வரிசை நீளும். நீளட்டும். அதை அரசிடம் கேட்பதற்கு முன் நம் எழுத்தாளர்களிடம் கேட்கிறோம்: இனி ஒரு தேக்கடிக் கட்டுரையிலாவது மேல்தளத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். வாங்குகிறவன் கேட்கிறான் என்றுதான் விற்கிறவன் தளம் கட்டுகிறான். கேட்கச் சொல்லிக் கொடுத்தது நாம்.

இந்த மார்கழியில் போகிறவர்களுக்கு: ஏழரை மணிப் படகையே பிடியுங்கள், கீழ்த்தளத்தில் ஓரத்து இருக்கை கேளுங்கள். ஸ்வெட்டரும் குல்லாயும் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டின் வார்களைக் கடைசி வரை இழுத்துக் கட்டுங்கள், குழந்தைகளுக்கு நீங்களே கட்டிவிடுங்கள். யானை எந்தப் பக்கம் தெரிந்தாலும் எழுந்திருக்க வேண்டாம்.